கோசாயிகுண்டத்துக்கு லாங்டாங் வழியாகப் போங்கள்

கோசாயிகுண்டம் போக வழி கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, துன்சேயிலிருந்து நேராக ஏறிவிடாதீர்கள் என்பதுதான்.

காத்மாண்டுவுக்கு வடக்கே, ரசுவா மாவட்டத்தில், 4,380 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அந்த ஏரி. பாற்கடலைக் கடைந்தபோது எழுந்த ஆலகாலத்தை விழுங்கிய சிவபெருமான், தொண்டை எரிச்சல் தணிய இமயத்துக்கு வந்து, திரிசூலத்தால் மலையைக் குத்தி நீர் வரவழைத்தார் என்பது தலபுராணம். வரைபடத்தைப் பார்த்தால் துன்சேதான் அங்கே போகக் குறுக்கு வழி. ஒரு நாள் பஸ், மறுநாள் சிங் கோம்பா, அதற்கு மறுநாள் ஏரிக்கரை. விடுப்பு குறைவாக உள்ளவர்கள் இதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். துன்சேயின் உயரம் ஏறத்தாழ 2,000 மீட்டர். ஓரிரு இரவு மட்டும் தங்கி, மேலும் 2,400 மீட்டர் ஏறினால் உடம்பு என்ன ஆகும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. நம்மூரில் ஆவணி அவிட்டம் கொண்டாடும் அதே பௌர்ணமியில், நேபாளத்தில் ஜனை பூர்ணிமா என்று பூணூல் மாற்றுகிறார்கள். அந்தத் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கானோர் இப்படித்தான் அவசரமாக ஏறி வருகிறார்கள். நேபாள மருத்துவர் புத்த பஸ்னியாத்தும் உடன் இருந்த மருத்துவர்களும் ஏரிக்கரையிலேயே அந்த யாத்திரிகர்களைப் பரிசோதித்தார்கள். பரிசோதிக்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு, உயரத்துக்கு உடம்பு பழகும் முன் ஏறுவதால் வரும் மலைநோய் இருந்தது. நேராக நடக்க முடியாமல் தள்ளாடியவர்களும், எங்கே இருக்கிறோம் என்பதே புரியாமல் குழம்பியவர்களும் அவர்களில் உண்டு.

நான் சொல்லும் வழி நீளமானது. ஸ்யாப்ருபேசியில் தொடங்கி லாங்டாங் பள்ளத்தாக்கின் மேல்முனை வரை போய், க்யாஞ்சின் கோம்பாவில் சில இரவுகள் தங்க வேண்டும். பிறகு வந்த வழியிலேயே பாதி தூரம் இறங்கி, டூலோ ஸ்யாப்ரு, சிங் கோம்பா, லௌரிபினா என்று ஏறி ஏரியை அடைய வேண்டும். பத்திலிருந்து பன்னிரண்டு நாள் ஒதுக்க முடிந்தால் போங்கள். முடியாவிட்டால் அடுத்த ஆண்டு போங்கள். நானும் என் தங்கையும் தாமாங் இனத்து இளைஞர் ஒருவரை வழிகாட்டியாக அழைத்துக்கொண்டு அக்டோபர் கடைசியில் இப்படித்தான் போனோம். ஏரி முன்னால் நின்றபோது எங்கள் இருவருக்கும் தலைவலிகூட இல்லை. கும்பிடவும் சுற்றிப் பார்க்கவும் முடிந்தது. அது இந்த நீண்ட வழி தந்த பலன்.

காத்மாண்டுவிலிருந்து ஸ்யாப்ருபேசிக்கு ஏழெட்டு மணி நேரப் பயணம். திரிசூலி பஜாரைத் தாண்டியதும் சாலை மலையைச் செதுக்கிக்கொண்டு போகும். மழைக்காலத்தில் மண் சரிந்து மூடிக்கொள்வது வழக்கம். பஸ்ஸைவிட ஜீப் விரைவு, செலவு கொஞ்சம் அதிகம். துன்சேக்கு அருகே ராணுவச் சோதனைச் சாவடியில் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். லாங்டாங் தேசியப் பூங்காவின் அனுமதிச் சீட்டு இங்கே தேவைப்படும். சார்க் அமைப்பில் உள்ள தெற்காசிய நாட்டவருக்குக் கட்டணம் மற்ற வெளிநாட்டவரைவிடக் குறைவு என்பதால், இந்தியர், இலங்கையர் என்பதற்கான அடையாள அட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பணத்தை நேபாள ரூபாயாகக் காத்மாண்டுவிலேயே மாற்றிவிட வேண்டும். நூறு இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்பது நிலையான மதிப்பு. நடை தொடங்கிய பிறகு ஏடிஎம் கிடையாது. மேலே போகப் போக எல்லாம் முதுகில் ஏறி வருவதால், ஒரு தட்டு பருப்புச் சோற்றின் விலையும் உயரத்தோடு சேர்ந்து ஏறும். அதைக் குறை சொல்லிப் பேரம் பேசுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த அரிசி மூட்டையைச் சுமந்து வருபவரை வழியிலேயே பார்க்கிறோம் அல்லவா?

ஸ்யாப்ருபேசியில் திபெத்திலிருந்து வரும் போட்டே கோசியும் லாங்டாங் ஆறும் சேர்கின்றன. அங்கே தொங்கு பாலத்தைத் தாண்டினால் நடை தொடங்கிவிடும். உயரம் 1,500 மீட்டர்தான். முதல் நாள் முழுவதும் காடு. ஆற்றின் இரைச்சல் காதை விட்டு நீங்காது. எதிர்ப்புறச் செங்குத்துப் பாறைகளில் மலைத்தேனீக்கள் கட்டிய பெரிய அடைகள் தொங்கும். வழிகாட்டி கைகாட்டிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தன. மூங்கில் அடர்ந்த பம்பு என்ற இடத்தில் மதியச் சாப்பாடு. சாம்பல் நிற முசுக்குரங்குகள் கூட்டமாகக் கிளை தாவிக்கொண்டிருந்தன. இரவு லாமா ஹோட்டலில் தங்கல். அது ஒரு விடுதியின் பெயராகத் தொடங்கி இப்போது சிற்றூரின் பெயராகவே நிலைத்துவிட்டது.

கோவேறு கழுதைகள் வரிசையாக மணி குலுங்க வரும்போது எப்போதும் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். பள்ளத்துப் பக்கம் நின்றால் சுமை இடித்து விழ வாய்ப்பு உண்டு. இதை வழிகாட்டி முதல் நாளே இரண்டு மூன்று தடவை சொல்லிவிட்டார். எங்களை அவர் “தீதி”, அதாவது அக்கா, என்று கூப்பிட்டார். நாங்கள் அவரை “பாய்” என்றோம், அதாவது தம்பி.

பெரும்பாலானவர்கள் லாமா ஹோட்டலிலிருந்து ஒரே நாளில் லாங்டாங் ஊருக்குப் போய்விடுகிறார்கள். கணக்குப் பாருங்கள்: 2,400 மீட்டரில் தூங்கி எழுந்து 3,430 மீட்டரில் மறுபடி தூங்குவது. மூவாயிரம் மீட்டரைக் கடந்த பிறகு, படுக்கும் இடத்தின் உயரம் ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஓய்வு நாளும் வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் ஏறினீர்கள் என்பது அவ்வளவு முக்கியம் அல்ல. எங்கே தூங்குகிறீர்கள் என்பதுதான் கணக்கு. நாங்கள் கோடாதபேலாவைத் தாண்டி 3,140 மீட்டரில் இருக்கும் தாங்ஷ்யாப்பில் தங்கிவிட்டோம். மதியம் ஒரு மணிக்கே நடை முடிந்தது. அங்கே காடு விலகிப் பள்ளத்தாக்கு அகலமாகத் திறக்கிறது. மாலை முழுவதும் விடுதி முற்றத்தில் உட்கார்ந்து, வெயில் ஒவ்வொரு சரிவாக விலகி மேலே ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இமயத்தில் சும்மா இருக்கும் மதியங்களுக்கு இடம் வைத்துத் திட்டமிடுங்கள். பிற்பகலில் பெரும்பாலும் மேகம் ஏறிவிடும் என்பதால், அதிகாலையில் கிளம்பி இரண்டு மணிக்குள் நடையை முடிப்பது பாதுகாப்பும்கூட.

மறுநாள் காலை, லாங்டாங் ஊருக்கு முன்னால், பாதை ஒரு பெரிய கற்பரப்பின் மேல் ஏறியது. பச்சை சட்டென்று நின்றுபோய்ச் சாம்பல் நிறம். வீடளவு பாறைகள், நொறுங்கிய கல், மண். வழிகாட்டி நடையைத் தளர்த்தினார், எதுவும் சொல்லவில்லை.

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை, காலை 11.56. 7.8 அளவிலான நிலநடுக்கம் நேபாளத்தைக் குலுக்கியபோது, 7,227 மீட்டர் உயரமான லாங்டாங் லிருங் சிகரத்தின் சரிவுகளிலிருந்து பனியும் பாறையும் பெயர்ந்து ஊரின் மேல் விழுந்தன. ஊர் முழுவதும் அடியில் போய்விட்டது. ஒரு பெரும் பாறைச் சுவரை ஒட்டிக் கட்டியிருந்த ஒரு வீடு மட்டும் நின்றது. சரிவு கிளப்பிய காற்று எதிர்க்கரைக் காட்டை ஒரே திசையில் படுக்க வைத்துவிட்டது. ஊர்க்காரர்களும் வெளிநாட்டிலிருந்து நடக்க வந்தவர்களுமாக 300 பேருக்கு மேல் இறந்தார்கள். உயிர் தப்பியவர்கள் ஹெலிகாப்டரில் கீழே இறக்கப்பட்டு, காத்மாண்டுவில் சுயம்புவுக்கு அருகே ஒரு புத்த மடத்து வளாகத்தில் மாதக்கணக்கில் கூடாரங்களில் இருந்தார்கள். பிறகு அவர்களே திரும்பி வந்து, கற்பரப்புக்குச் சற்று மேலே புது ஊரைக் கட்டினார்கள்.

இறந்தவர்களின் பெயர்கள் பொறித்த நினைவிடம் பாதை ஓரத்தில் இருக்கிறது. நாங்கள் ஒவ்வொரு பெயராக வாசித்தோம். ஒரே குடும்பத்துப் பெயர்கள் அடுத்தடுத்து வந்தன. என் தங்கை கையில் இருந்த உலர்திராட்சைப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு பிடியை அங்கே வைத்தாள். ஏன் வைத்தாய் என்று நான் கேட்கவில்லை.

புது ஊரில் தேநீருக்கு உட்கார்ந்த விடுதியில், ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி சாணி வறட்டியை அடுப்பில் வைத்தபடி பேச்சுக் கொடுத்தார். எங்கள் வழிகாட்டி மொழிபெயர்த்தார். க்யாஞ்சின் எப்படியும் அங்கேயேதான் இருக்கும், எல்லோரும் ஏன் இங்கே தேநீர் மட்டும் குடித்துவிட்டு ஓடுகிறீர்கள் என்று கேட்டார். அதில் கோபம் இல்லை. ஆனால் கேள்வி எங்களுக்குத் தைத்தது. அன்றைக்கு மேலும் நடக்க நேரம் இருந்தும் அங்கேயே தங்கினோம். இரவு அடுப்படியில் அவரும் மருமகளும் உருளைக்கிழங்கு உரித்தார்கள், நாங்களும் உரித்தோம். நிலநடுக்கத்தைப் பற்றி நாங்கள் எதுவும் கேட்கவில்லை, அவராகவும் சொல்லவில்லை. தன் மாடுகளைப் பற்றியும், காத்மாண்டுவில் படிக்கும் பேரனைப் பற்றியும்தான் பேசினார். லாங்டாங் போகும் எல்லோருக்கும் நான் சொல்வது, அந்த ஊரில் ஓர் இரவாவது தங்குங்கள். உயரக் கணக்குக்கும் அது சரியாக வரும், அவர்களுக்கும் அது வாழ்வாதாரம்.

லாங்டாங்கிலிருந்து க்யாஞ்சின் கோம்பா வரை மூன்று மணி நேரத்துக்குள் நடந்துவிடலாம். வழி நெடுகிலும் மணிச் சுவர்கள்: மந்திரம் பொறித்த பலகைக்கற்களைச் சாய்த்து அடுக்கிய நீண்ட சுவர்கள். கோயிலில் பிரகாரம் சுற்றுவதைப் போலவே அது நம் வலக்கைப் பக்கம் வரும்படி நடக்க வேண்டும். ஓடைத் தண்ணீரில் தானாகச் சுழலும் பிரார்த்தனை உருளைகளும் உண்டு. பத்மசம்பவர், துன்பக் காலத்தில் மக்கள் அடைக்கலம் புகுவதற்காக மறைத்து வைத்த பள்ளத்தாக்குகளில் ஒன்று இது என்பது திபெத்திய பௌத்த நம்பிக்கை.

க்யாஞ்சின் 3,870 மீட்டர். 1950களில் சுவிட்சர்லாந்தின் உதவியோடு தொடங்கிய பாலாடைக்கட்டித் தொழிற்கூடம் இன்றும் இருக்கிறது. யாக்குக்கும் பசுவுக்கும் பிறந்த சௌரி மாட்டின் பாலில் செய்வது. மர அடுக்குகளில் வண்டிச் சக்கரம் போல வட்டக் கட்டிகள் அடுக்கியிருந்தார்கள். ஒரு துண்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டது மிச்ச நடைக்கெல்லாம் உதவியது. கடல்பக்தோர்ன் என்னும் புளிப்பு ஆரஞ்சுநிறச் சிறுபழத்தின் சாற்றையும் இங்கே குடித்துப் பாருங்கள். இறைச்சியை மட்டும் தவிருங்கள். அது கீழிருந்து நாள் கணக்கில் சுமந்து வரப்படுவது; மேலே வயிற்றுப்போக்கு வந்தால் பயணமே முடிந்துபோகும். பருப்புச் சோறு, உருளைக்கிழங்கு, துக்பா என்னும் நூடுல்ஸ் சூப், பூண்டு சூப் போதும். பருப்புச் சோறு கேட்கக் கேட்கப் போடுவார்கள்.

க்யாஞ்சினில் முதல் இரவு என் தங்கைக்குத் தலைவலி வந்தது. சாப்பாடு இறங்கவில்லை. இதை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலைநோயின் தொடக்கம் இப்படித்தான் சாதாரணமாக இருக்கும். வெயிலில் நடந்த களைப்பு, தண்ணீர் குறைவு என்று நாமே காரணம் சொல்லிக்கொள்வோம். வழிகாட்டி சொன்னது தெளிவாக இருந்தது: உயரத்தில் வரும் தலைவலியை, வேறு காரணம் நிச்சயமாகும் வரை மலைநோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அறிகுறி இருக்கும்போது மேலே போகக்கூடாது. அதிகமானால் இறங்கிவிட வேண்டும், நள்ளிரவானாலும் சரி. அவளைத் தரையில் ஒரு பலகைக் கோட்டின் மேல், குதிகாலை அடுத்த காலின் பெருவிரலில் ஒட்டி வைத்து நேராக நடக்கச் சொன்னார். தடுமாறாமல் நடந்தாள். தடுமாறினால் மூளையில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம் என்று பொருள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவதும், விடாத இருமலும் நுரையீரலில் நீர் கோப்பதற்கான அடையாளம். இரண்டுமே உயிரைப் பறிப்பவை, இரண்டுக்கும் முதல் மருந்து இறங்குவதுதான்.

மறுநாள் முழுக்க அவள் விடுதித் திண்ணையில் வெயில் காய்ந்தாள். நானும் அவள் கூடவே இருந்தேன். மாலையில் தானாகவே சாப்பாடு கேட்டாள். டயமாக்ஸ் எனப்படும் அசிட்டசோலமைடு மாத்திரையைப் பலர் தடுப்புக்காக எடுக்கிறார்கள். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களும் வேறு மருந்து சாப்பிடுபவர்களும் ஊரிலேயே மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. அது சிறுநீரை அதிகம் போக வைக்கும் என்பதால், இரவில் வெளியே போக அஞ்சித் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்யாதீர்கள், ஹெட்லாம்பைத் தலையணை அடியிலேயே வையுங்கள். மாதவிடாய் இந்த உயரத்தில் முன்னே பின்னே வரக்கூடும். நாப்கின்களைத் தேவைக்கு மேல் எடுத்துப் போய், பயன்படுத்தியதைக் கெட்டியான பையில் கட்டிக் கீழே கொண்டுவாருங்கள்.

அதற்கடுத்த காலையில் க்யாஞ்சின் ரி ஏறினோம். உச்சி 4,773 மீட்டர். ஐம்பது அடிக்கு ஒரு முறை நின்று, “பிஸ்தாரை, பிஸ்தாரை” என்று பாய் சொல்ல, மெதுவாக ஏறினோம். மேலே கொடிகளுக்கு நடுவே உட்கார்ந்தால் லாங்டாங் லிருங்கின் பனியாறு கண்ணுக்கு நேரே உடைந்து தொங்குகிறது. அவ்வப்போது எங்கோ பனி பெயர்ந்து விழும் சத்தம். அந்த உயரத்தில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு 3,870 மீட்டருக்கே இறங்கித் தூங்கினோம். உயரத்தில் ஏறி, தாழ்வில் தூங்கு என்று மலைக்காரர்கள் சொல்லும் முறை இதுதான். இன்னும் தெம்பு உள்ளவர்கள் 4,984 மீட்டர் செர்கோ ரிக்குப் போகலாம். அது நீண்ட நாள். க்யாஞ்சின் ரி போதும் என்பது என் கருத்து. ஏரியைவிட ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தை உடம்பு இங்கேயே ஒரு முறை பார்த்துவிடுகிறது.

திரும்பும் நடையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஒரே நாளில் லாமா ஹோட்டல். அடுத்த நாள் காட்டு வழியாக டூலோ ஸ்யாப்ரு: மலைமுதுகில் ஒரே வரிசையாக வீடுகள், சரிவெல்லாம் கேழ்வரகு. அங்கிருந்து சிங் கோம்பாவுக்கு ஏறக்குறைய 1,100 மீட்டர் ஏற்றம், இந்தப் பயணத்திலேயே கால்களுக்குக் கடினமான நாள். மூச்சுக்கு அல்ல, கால்களுக்குத்தான். நடைக்குத் தயாராகப் பூங்காவில் சுற்றிச் சுற்றி நடப்பது போதாது. முதுகில் ஆறேழு கிலோ பையோடு படிக்கட்டு ஏறி இறங்கிப் பழக வேண்டும், அதிலும் இறங்குவதை. சென்னையில் இருப்பவர்களுக்குப் பரங்கிமலைப் படிகள் இருக்கின்றன.

சிங் கோம்பாவுக்கு மேலே ஃபிர் மரக் காடு. சிவப்புப் பாண்டாவின் வாழிடம் இது. எங்கள் கண்ணில் படவில்லை. சோலாங்பாதியைத் தாண்டியதும் மரங்கள் குட்டையாகி, ஜூனிபர் புதர்களாகி, லௌரிபினாவில் வெட்டவெளி ஆகிறது. 3,910 மீட்டர். மேற்கே கணேஷ் ஹிமாலும் மனஸ்லுவும், வடக்கே லாங்டாங் லிருங்கும் வரிசையாக நிற்கும். இவ்வளவு அகலமான காட்சி இந்த வழியில் வேறெங்கும் இல்லை. இங்கே கட்டாயம் ஓர் இரவு தங்குங்கள்.

அன்று மாலை துன்சேயிலிருந்து ஏறிவந்த இளைஞர் குழு ஒன்று விடுதிக்குள் நுழைந்தது. நல்ல உடற்கட்டு, நல்ல வேகம். ஒருவர் மட்டும் அடுப்பை ஒட்டித் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு முறை வாந்தி. நண்பர்கள் பசி வாந்தி என்றார்கள். எங்கள் பாய் எழுந்து போய், அதே குதிகால் நடையை நடக்கச் சொன்னார். நான்காவது அடியில் அவர் பக்கவாட்டில் சாய்ந்து, மேசையைப் பிடித்துக்கொண்டார். தன் கால் எங்கே போகிறது என்று தெரியாதவரைப் போல அந்தக் காலையே பார்த்தார். “காலையில் சரியாகிவிடும், ஏரி இரண்டு மூன்று மணி நேரம்தானே” என்றார் குழுவின் மூத்தவர். பாய் குரலை உயர்த்தவில்லை. “தாஜு (அண்ணா), ஏரி நாளைக்கும் இருக்கும், அடுத்த வருடமும் இருக்கும்” என்று மட்டும் சொல்லி, விடுதிக்காரரோடு சேர்ந்து டார்ச் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த இளைஞரை இருபக்கமும் தாங்கி, சந்தன்பாரி என்றும் அழைக்கப்படும் சிங் கோம்பா வரை இரவோடு இரவாக இறக்கினார்கள். காலையில் தொலைபேசியில் விசாரித்தபோது, நன்றாக நடக்கிறார், தேநீர் கேட்டார் என்று செய்தி வந்தது. அறுநூறு மீட்டர் இறக்கம் செய்த வேலை அது. மலைமீட்பு ஹெலிகாப்டரையும் உள்ளடக்கிய பயணக் காப்பீடு எடுங்கள் என்று நான் வற்புறுத்துவதும் இதனால்தான். வானிலை மோசமானால் ஹெலிகாப்டர் வராது. கால்கள்தான் அப்போது வழி.

லௌரிபினாவிலிருந்து ஏரிக்குப் போகும் பாதையின் கடைசிப் பகுதி செங்குத்துச் சரிவில் ஒட்டிக்கொண்டு போகிறது. முதலில் கீழே சரஸ்வதி குண்டம், பிறகு பைரவ குண்டம், கடைசியாக ஒரு திருப்பத்தில் கோசாயிகுண்டம். அந்தப் பகுதியில் சிறிதும் பெரிதுமாகப் பல ஏரிகள் உண்டு. 2007 முதல் இவை ராம்சார் என்னும் சர்வதேச ஈரநில ஒப்பந்தப் பட்டியலில் உள்ள நீர்நிலைகள். கரையில் நந்தி, லிங்கம், திரிசூலங்கள், வரிசையாக மணிகள். சுவரும் கூரையும் கட்டிய பெரிய கோயில் இல்லை. தண்ணீருக்கு அடியில் தெரியும் பாறையைச் சிவபெருமான் சயனித்திருக்கும் திருமேனியாகவே வணங்குகிறார்கள். ஊத்துக்கோட்டைக்கு அருகே ஆந்திர எல்லையில் இருக்கும் சுருட்டப்பள்ளியில், விடமுண்ட களைப்பில் அம்மை மடியில் தலைவைத்துப் பள்ளிகொண்ட ஈசனைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதே கதையின் அதே கணத்தை இங்கே ஒரு ஏரி சொல்கிறது. பிரதோஷ வேளையில் கேட்டுப் பழகிய கதை 4,380 மீட்டரில், கண்ணாடி போன்ற நீருக்குள், கல்லாகக் கிடந்தது. தங்கை அழுதாள். எனக்கும் தொண்டை அடைத்தது.

ஒரு முதிய நேபாளத் தம்பதி கரையில் உடை மாற்றிக்கொண்டிருந்தார்கள். கணவர் மூன்று முறை மூழ்கி எழுந்தார். மனைவி கையில் உலர்ந்த துண்டும் கம்பளிச் சட்டையும் தயாராக வைத்திருந்து, அவர் வெளியே வந்த நொடியில் போர்த்திவிட்டார். நீராட நினைப்பவர்கள் அந்த அம்மாவிடம் கற்றுக்கொள்ளுங்கள்: வெயில் உச்சியில் இருக்கும்போது, ஒரே மூச்சில், பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு, மாற்றுடை தயாராக. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ அறுபது சதவீதம்தான். குளிரில் நடுங்கும் உடம்பு எளிதில் மீளாது. நான் கையால் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டேன். சோப்பு, ஷாம்பு, பூஜைப் பொருளைச் சுற்றிய பிளாஸ்டிக் எதுவும் தண்ணீர்ப் பக்கம் போகவே கூடாது. இந்த ஏரியிலிருந்து இறங்கும் ஓடை திரிசூலி ஆற்றில் சேர்கிறது. அது நாராயணியில் கலந்து, பாட்னாவுக்கு எதிர்க்கரையில் கங்கையைச் சேர்கிறது.

மறுநாள் அதிகாலை, ஏரிக்கும் மேலே இருக்கும் லௌரிபினா கணவாய் வரை, 4,610 மீட்டர், போய்ச் சூரிய குண்டத்தைப் பார்த்துத் திரும்பினோம். கணவாயைத் தாண்டி ஃபேதி, கோப்தே, தரேபாதி என்று ஹெலம்பு வழியாகக் காத்மாண்டு விளிம்பில் சுந்தரிஜல் வரை நடந்தே போகலாம். பனி இல்லாத நாளில் அருமையான வழி. ஆனால் மேகமும் பனியும் சூழ்ந்தால் அங்கே பாதை தெரியாது. 1991 டிசம்பரில் அந்தப் பகுதியில் வழி தவறிய ஆஸ்திரேலிய மாணவர் ஜேம்ஸ் ஸ்காட் 43 நாளுக்குப் பிறகே உயிரோடு மீட்கப்பட்டார். 1992 ஜூலை 31 அன்று தாய் ஏர்வேஸ் விமானம் மேகமூட்டத்தில் கோப்தே அருகே மலையில் மோதி 113 பேரும் இறந்தார்கள். எங்களுக்கு முந்தைய நாள் பிற்பகலே மேகம் அடைத்திருந்தது. பாய் வேண்டாம் என்றார், நாங்கள் கேட்டுக்கொண்டோம்.

இறங்கியது துன்சே வழியாக. ஏறத்தான் அந்த வழி வேண்டாம், இறங்க அதைப் போல வசதியானது இல்லை. சிங் கோம்பாவிலிருந்து துன்சே வரை 1,300 மீட்டர் இறக்கம். கால் நகங்களை முந்தின இரவே ஒட்ட வெட்டுங்கள். ஷூ கயிற்றைக் கணுக்காலில் இறுக்குங்கள். இரண்டு ஊன்றுகோலும் வேண்டும். சுமை தூக்குபவரை அமர்த்தினால் உங்கள் இருவர் பையும் சேர்த்து இருபது கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவரிடம் நல்ல ஷூவும் கதகதப்பான ஜாக்கெட்டும் இருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்ப்பது நம் பொறுப்பு.

மலை ஏற முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், காத்மாண்டுவை ஒட்டிய பாட்டனில் கும்பேஸ்வரர் கோயில் இருக்கிறது. ஐந்தடுக்குக் கோபுரம், முன்னால் ஒரு குளம். கோசாயிகுண்டத்து நீர் மலைக்கு அடியாக வந்து அந்தக் குளத்தை நிரப்புகிறது என்பது நம்பிக்கை. ஜனை பூர்ணிமா அன்று ஏரிக்குப் போக முடியாதவர்கள் அங்கே கூடுகிறார்கள். முழங்கால் வலியால் வர முடியாத எங்கள் அம்மாவை அடுத்த ஆவணியில் அங்கே அழைத்துப் போகிறோம். இந்தியர்களுக்கு நேபாள விசா தேவையில்லை. விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும், அம்மாவின் அட்டையில் பெயர் எழுத்து டிக்கெட்டோடு ஒத்திருக்கிறதா என்று தங்கை இப்போதே சரிபார்த்துவிட்டாள்.